சோக்கிரதீசர் கண்ட அறம்

ஒரு நூலும் எழுதாமலே உலகத்தாருக்கு ஆசிரியரானவர் சோக்கிரதீசர். அவரைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் பிறர் எழுதி வைத்தவை. அவரோடு பழகிய பிளேற்றோவும் செனபோனும் அவரைப் போற்றி எழுதினர். அரிஸ்டோபனீஸ் என்னும் நாடகப் புலவரோ, கி. மு. 423 ஆம் ஆண்டில் அரங்கேறிய மேகங்கள் என்னும் நகை நாடகத்திலே அவரைக் கூடையில் ஏற்றித் தொங்கவிட்டு ஊரைச் சிரிக்க வைத்தார். இம்மூவரும் காட்டும் உருவங்கள் தம்முள் முற்றும் ஒவ்வா. ஆயினும், மெய் இது, நன்று இது என்று ஒருவன் எவ்வாறு துணிவது என்னும் வினாவை அவர் இறுதிவரை விடாது பற்றி நின்றார் என்பதில் ஐயமில்லை. அவ்வினாவுக்கு அவர் வாயாற் கூறிய விடைகளிலும் பார்க்க, இடுக்கண் வந்துற்ற காலங்களில் நடந்து காட்டிய விடையே தெளிவானது.

அவர் கி. மு. 469 ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரத்திலே பிறந்தார். தந்தையார் சொப்ரொனிஸ்கஸ் கற்சிற்பி. தாயார் பெனாரெற்றி மருத்துவிச்சி. பிறர் மனத்தில் உருவாகும் கருத்தை வெளிக்கொணர்ந்து, அது உயிருள்ள பிள்ளைதானோ என்று பார்ப்பதே தம் தொழிலென்றும், அது தாயார் வழி வந்ததென்றும் அவர் சொல்லி வந்ததாகப் பிளேற்றோ எழுதுவர். சப்பை மூக்கும் பிதுங்கிய கண்களும் உடையவர். கடுங்குளிரிலும் வெறுங்காலோடு நடப்பவர். பொற்றிடேயா, டேலியம், அம்பிபொலிஸ் ஆகிய மூன்று போர்க்களங்களில் நகரத்தின் பொருட்டுப் படையில் நின்றார். பொற்றிடேயாப் பாசறையிலே ஒருநாள் விடியற்காலையில் ஏதோ ஒன்றைச் சிந்திக்கத் தொடங்கியவர், மறுநாட் சூரியோதயம் வரை நின்ற இடத்திலேயே அசையாது நின்றாராம். அந்த வேடிக்கையைக் காண்பதற்காகச் சில வீரர் தம் படுக்கையை வெளியே கொண்டுவந்து விரித்துக்கொண்டனர்.

அவருடைய நண்பராகிய கேரபோன் டெல்பி ஆலயத்துக்குச் சென்று, சோக்கிரதீசரினும் ஞானமுடையார் உளரோ என்று கேட்டார். ஒருவருமிலர் என்று தெய்வவாக்குப் பிறந்தது. வேறொருவர் கேட்டிருப்பின் உள்ளம் பூரித்திருப்பார். சோக்கிரதீசரோ அவ்வாக்கின் பொருள் யாதென்று சோதிக்கப் புறப்பட்டார். அரசியல் வல்லோரிடம் சென்று வினாவினார். அவர்கள் அறியாததை அறிந்ததாக எண்ணியிருந்தனர். புலவர்கள் தாம் பாடியவற்றின் பொருளைத் தாமே விளக்க மாட்டாராயினர். கைவினைஞர் தத்தம் தொழிலை உண்மையாகவே அறிந்திருந்தனர். ஆனால் அந்த ஒன்றை அறிந்ததனாலே பெரிய விஷயங்கள் அனைத்தையும் அறிந்தோமென்று கருதினர். தம் அறியாமையைத் தாம் அறிந்திருப்பது ஒன்றே தமக்கும் அவர்களுக்குமுள்ள வேற்றுமை என்று அவர் கண்டார். தெய்வவாக்கை அவர் பொய்யென்று தள்ளவுமில்லை, ஆராயாமல் ஏற்கவுமில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சிறு வயது முதலே தம்முள் ஒரு குரல் எழுவதுண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தார். பிளேற்றோ கூறுவதன்படி அக்குரல் ஒன்றைச் செய்யாதே என்று தடுக்குமேயன்றி, இதைச் செய் என்று ஒருபோதும் ஏவியதில்லை. ஆகவே செய்யத்தக்கது எது என்பதை அவரும் நம்மைப்போல ஆராய்ந்தே துணிய வேண்டியிருந்தது. அவ்வாராய்ச்சியை அவர் தனித்திருந்து செய்தது சிறிது. சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் எதிர்ப்பட்டோரோடு உரையாடிச் செய்ததே பெரிது. ஒருவர் நம்பும் ஒன்றைச் சொல்லச் செய்வார். அவரே ஒப்புக்கொள்ளும் வேறு சிலவற்றையும் சொல்லச் செய்வார். பின்னர் இவை தம்முள் முரணுவதைக் காட்டுவார். கேட்டோர் சிலர் வெட்கினர், சிலர் வெகுண்டனர்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. இளைஞர் பலர் அவரிடமிருந்து மறுக்கும் வித்தையை மாத்திரம் கற்றுக்கொண்டு தேடும் வித்தையை விட்டுவிட்டனர். நகரத்தைக் காட்டிக்கொடுத்துப் பகைவரான ஸ்பார்ட்டரிடம் ஓடிய அல்சிபியாடீஸ் அவரோடு பழகியவன். கொடுங்கோலர் முப்பதின்மருக்குத் தலைவனாயிருந்த கிறிற்றியாசும் அவ்வாறே. பிள்ளைகள் கெட்டுப்போகின்றனரோ என்று ஏதென்ஸ் நகரத்துத் தந்தையர் அஞ்சியதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

கி. மு. 406 ஆம் ஆண்டில் ஆர்கினூசே தீவுகளுக்கு அருகே ஏதென்ஸ் கடற்படை பெருவெற்றி பெற்றது. ஆனால் புயலெழுந்தமையால், உடைந்த கப்பல்களில் தத்தளித்தோரை மீட்க முடியாது போயிற்று. வெற்றிச் செய்தியோடு சாவுச் செய்தியும் வரவே ஊர் கொதித்தது. படைத்தலைவர் எண்மருள் இருவர் திரும்பி வராமல் தப்பினர். வந்த அறுவரையும் ஒரே வாக்கெடுப்பில் ஒருங்கே தீர்த்துவிட வேண்டுமென்று மக்களவையிலே பிரேரணை வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டுமென்பது சட்டம். அந்நாளிற் சபையை நடத்தும் முறை சோக்கிரதீசரின் குலக்குழுவைச் சேர்ந்த ஐம்பதின்மருக்கு வந்திருந்தது. அவர்களுட் சிலர் முதலில் மறுத்தனர். மறுப்போரையும் அதே பிரேரணையிற் சேர்க்குக என்று கூட்டம் ஆரவாரிக்கவே எல்லாரும் அடங்கினர். சோக்கிரதீசர் ஒருவரே இசையாது நின்றார். அவர் நின்றும் பயனில்லை. அறுவரும் கொல்லப்பட்டனர்; பெரும் புகழ்பெற்ற பெரிக்கிளீசின் மகனும் அவர்களுள் ஒருவன். பின்னர் மக்கள் வருந்தித் தம்மைத் தூண்டிவிட்டவர்மேற் பழி சுமத்தினர்.

இரண்டாண்டு கழித்து, போரில் தோற்ற ஏதென்ஸ் முப்பதின்மர் கையில் அகப்பட்டது. முன்னே அவரை நெருக்கியது பெருங்கூட்டம். இப்போது நெருக்கியவர் மிகச் சிலர். சலாமிஸ் தீவிலிருந்த லியோன் என்பவனைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி சோக்கிரதீசரையும் வேறு நால்வரையும் அழைத்து ஆணையிட்டனர். நால்வரும் சென்று பிடித்து வந்தனர். சோக்கிரதீசர் ஒன்றும் பேசாது வீட்டுக்குப் போய்விட்டார். லியோனுக்கு முன்னறிவித்துக் காப்பாற்ற அவர் முயன்றிருக்கலாகாதா என்று கேட்போர் உளர், கேட்கத்தக்க கேள்வியே. முயன்றார் என்பதற்கு நூல்களிற் சான்றில்லை. அடுத்த ஆண்டில் அவ்வாட்சி கவிழாதிருப்பின் அன்றைய மறுப்புக்காகவே அவர் உயிரிழந்திருத்தல் கூடும்.

கி. மு. 399 ஆம் ஆண்டில் மெலிற்றஸ், அனிற்றஸ், லைக்கோன் என்னும் மூவர் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். நகரத்துத் தெய்வங்களை மதியாமை, புதிய தெய்வங்களைப் புகுத்துதல், இளைஞரைக் கெடுத்தல் என்பன குற்றங்கள். மறுமொழி கூறச் சென்றவர் அதிகாரியின் மண்டப வாயிலிலே எயுதிப்ரோ என்பவனைக் கண்டதாகப் பிளேற்றோ எழுதும் உரையாடல், பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கர் மாத்திரமன்றி யாவரும் படிக்கத்தக்கது. எயுதிப்ரோ தன் தந்தைமேலேயே கொலை வழக்குத் தொடுக்க வந்திருந்தான். கூலியாள் ஒருவன் அடிமை ஒருவனைக் கொன்றுவிட, தந்தை அவனைக் கட்டிக் குழியிலே போட்டார்; அவன் பசியாலும் குளிராலும் இறந்துபோனான். வழக்குத் தொடுப்பதே புண்ணியம் என்று எயுதிப்ரோ சிறிதும் ஐயமின்றிக் கூறினான். புண்ணியமாவது யாது என்று சோக்கிரதீசர் கேட்டார். தெய்வங்கள் விரும்புவது என்றான். விரும்புவதனாலே அது புண்ணியமாயிற்றா, புண்ணியமாதலினால் அவை விரும்புகின்றனவா என்று மீண்டும் கேட்டார். இக்கேள்வி எழுந்து 2,400 ஆண்டு சென்றும் எச்சமயத்தாருக்கும் பழையதாகவில்லை. எயுதிப்ரோ சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து, அவசர வேலை உண்டென்று சொல்லிப் போய்விட்டான். அவன் வழக்குத் தவறென்று சோக்கிரதீசர் கூறவில்லை; அவனுடைய நிச்சயத்துக்கு ஆதாரமில்லை என்பதையே காட்டினார்.

ஏறக்குறைய 500 யூரிமார் முன்னிலையில் வழக்கு ஒரே நாளில் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரே எழுந்து தம் வாயாற் பேசல் வேண்டும். மனைவி மக்களைக் கொண்டுவந்து நிறுத்தி அழச் செய்வது அக்காலத்து வழக்கம். சோக்கிரதீசருக்கு மூன்று ஆண்மக்கள் இருந்தும் அவர் அதைச் செய்யவில்லை. வினாவுவதை நிறுத்தினால் விடுவிப்போம் என்றாலும் இணங்கேன் என்று கூறினார். முப்பது வாக்கு மாறியிருந்தால் தப்பியிருப்பார். தண்டனையைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டபோது, நகர மண்டபத்திலே இலவச உணவளிப்பதே தமக்குத் தக்கது என்றார். இது யூரிமாரை வேண்டுமென்றே சீண்டியது போலவே தோன்றுகின்றது. பின்னர் நண்பர் பிணையில் முப்பது மினா அபராதம் கட்டுவதாகச் சொல்லியும் மரணதண்டனையே விதிக்கப்பட்டது.

டேலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும் வரை எவரையும் கொல்லலாகாது. ஆகவே அவர் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையிலிருந்தார். கப்பல் அணுகிய செய்தியோடு, இளமை முதல் நண்பரான கிறீற்றோ விடியுமுன் வந்தார். காவலனுக்குக் கொடுக்க வேண்டியது கொடுத்தாயிற்று. தெசலி நாட்டிலே தங்க இடமுமுண்டு. பிள்ளைகளை நினைத்தாவது புறப்படுக என்று மன்றாடினார். ஊரார் பழிப்பர் என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. உடற்பயிற்சி செய்வோன் கண்டோர் சொல்லையெல்லாம் கேளாது பயிற்றும் ஆசிரியன் சொல்லையே கேட்பது போல, நீதி அநீதியிலும் பலர் சொல்லைக் கேளாது அறிந்தோன் சொல்லையே கேட்க வேண்டுமென்று சோக்கிரதீசர் வாதித்தார். தீங்கு செய்தோருக்கும் தீங்கு செய்தல் ஆகாது என்று இருவரும் முன்னே துணிந்தது, இன்று சாவு வந்ததனாலே பொய்யாகி விடுமோ என்றும் வினாவினார்.

முப்பதின்மர் ஆணையை மீறியவர் நகரத்தின் தீர்ப்புக்கு ஏன் பணிந்தார் என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். லியோன் விஷயத்தில் அவரை ஏவியது அநீதி செய்தற்கு. சிறையில் அவர்மேல் வந்தது அநீதியைத் தாங்குதல். முன்னையதற்கு உடன்படேன், பின்னையதற்கு அஞ்சேன் என்பதே அவர் நிலையென்று கொண்டால் முரண் பெரும்பாலும் நீங்கும். சட்டங்களைப் பெற்றோருக்கு ஒப்பிட்டு அவர் கூறிய நியாயம் எமக்கு அத்துணை வலுவுடையதாகத் தோன்றவில்லை. பிழையான தீர்ப்பைப் பெற்ற தாயும் மாற்றச் சொல்வாள். ஒன்றும் அறியேன் என்றவர், தீமை செய்தலினும் தீமையைத் தாங்குதலே மேல் என்பதில் மாத்திரம் உயிர் போகும்வரை அசையவில்லை. அத்துணிவு தெய்வவாக்கினாலோ ஊர் வழக்கினாலோ வந்ததன்று. எத்தனையோ உரையாடல்களில் எத்தனையோ பேர் மறுக்க முயன்றும் மறுபடாது எஞ்சியதாலே வந்தது.

இறுதி நாளில் மனைவி சாந்திப்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆன்மாவின் அழிவின்மையைப் பற்றி நண்பரோடு உரையாடிக் கொண்டிருந்தார்; அவர்கள் கூறிய தடைகளை விருப்போடு கேட்டார். பிளேற்றோ நோயுற்றமையால் அங்கே வரவில்லை. பொழுது சாயும் வேளையில் நச்சுப் பூண்டின் சாற்றை வாங்கிக் குடித்தார். கால்கள் மரத்து, குளிர் மேலேறி வந்தபோது, மருத்துவத் தெய்வத்துக்கு ஒரு சேவல் நேர்ந்திருப்பதை மறவாது கொடுக்கும்படி கிறீற்றோவிடம் சொன்னார். வேறேதும் உண்டோ என்று கிறீற்றோ கேட்டார், மறுமொழி வரவில்லை. சிறை மீட்கப் பணத்தோடு வந்திருந்த அந்த முதியவரே அவர் வாயையும் கண்களையும் மூடிவிட்டார்.