திரும்பி வந்தவரின் கடன்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்து வணங்கியது நம் மரபு. வீழாமல் திரும்பியவனுக்கு அந்தக் கல் இல்லை. உடன் சென்று மாண்டவர்களின் பெயர்களை நெஞ்சில் சுமந்து அவன் எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டும். அவ்வாறு அரை நூற்றாண்டுக் காலம் சுமந்தவர் ஆங்கிலக் கவிஞர் சீக்ஃபிரீட் சசூன்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மாட்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1886 செப்டம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை வழி முன்னோர் பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வணிகத்தால் செழித்த யூதக் குடும்பத்தினர். மும்பைக் கடற்கரையின் சசூன் துறை அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. சமயத்திற்கு வெளியே மணம் புரிந்ததற்காகத் தந்தையைக் குடும்பத்தார் விலக்கினர். மகனோ கேம்பிரிட்ஜில் பட்டம் பெறாமலே வெளியேறி, நரி வேட்டை, கிரிக்கெட், இடையிடையே மென்மையான கவிதைகள் எனக் கவலையற்று வாழ்ந்தார்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கிய நாளிலேயே அவர் படையுடை அணிந்திருந்தார். அடுத்த ஆண்டு ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகிப் பிரான்சுக்குச் சென்றார். அங்கேதான் இளங்கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் நண்பரானார். அந்த நவம்பரில் சசூனின் தம்பி ஹேமோ, கலிப்போலியில் பட்ட காயத்தால் இறந்தார். 1916 மார்ச்சில் உயிர் நண்பர் டேவிட் தாமஸ் மாண்டார். துயரம் சினமாயிற்று; இரவுகளில் எதிரியின் முள்வேலி வரை தனியே சென்று திரும்பினார். குண்டு மழைக்கிடையே காயமுற்றோரை மீட்டமைக்காக மிலிட்டரி கிராஸ் விருது பெற்றார்.

1917 ஏப்ரலில் அராஸ் போரில் தோளில் குண்டு பாய்ந்து இங்கிலாந்து திரும்பினார். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக நீட்டிக்கப்படுகிறது என்றும், அதில் தாம் இனிப் பங்கேற்க இயலாது என்றும் அறிக்கை எழுதித் தம் மேலதிகாரிக்கு அனுப்பினார். ஜூலை 30ஆம் நாள் அது நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டது. விருதின் பட்டிகையை மெர்சி ஆற்று முகத்துவாரத்தில் எறிந்தார். இராணுவ நீதிமன்றத்தை எதிர்கொள்ளவும் அவர் ஆயத்தமாயிருந்தார். நண்பரைக் காக்க நினைத்த கிரேவ்ஸ், எப்படியும் விசாரணை நடக்காது என்று பொய் சொல்லி அவரை மருத்துவக் குழுவின் முன் நிறுத்தினார். மனம் சிதைந்தவர் என்று தீர்ப்பாகி, எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவருக்கு வாய்த்த மருத்துவர் ரிவர்ஸ். நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்து 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அதே அறிஞர்தான். மறக்க முயன்ற நினைவுகளே வீரர்களை வதைக்கின்றன, அவற்றைப் பேசித்தான் தாங்கக் கற்க வேண்டும் என்பது அவருடைய மருத்துவ முறை. அதே மருத்துவமனையில் ஆகஸ்ட் மாதம், சசூனின் கவிதை நூலில் கையொப்பம் கேட்டுக் கூச்சத்தோடு கதவைத் தட்டினார் இருபத்து நான்கு வயது அதிகாரி ஒருவர். அவர் வில்ஃபிரட் ஓவன். போரைக் கண்ட இருவர் தாள்களின் மீது குனிந்து சொல்லுக்குச் சொல் திருத்திக்கொண்ட அந்த வாரங்கள் ஆங்கிலக் கவிதைக்குப் பெரும்பேறாயின.

சசூன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் தம் வீரர்கள் அகழிகளில் கிடக்கத் தாம் பாதுகாப்பாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தாமே வேண்டிக்கொண்டு களம் திரும்பினார். பாலஸ்தீனம் சென்று, பின் பிரான்சுக்கு வந்தார். 1918 ஜூலையில் ரோந்து முடிந்து திரும்புகையில், எதிரியென்று கருதிய தம் படைவீரர் ஒருவரே சுட, தலையில் காயமுற்றார். ஓவனும் களம் திரும்பியிருந்தார். போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், நவம்பர் 4ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். வாழ்நாளில் ஒருசில கவிதைகளே அச்சேறியிருந்த ஓவனின் தொகுப்பு, ஈடித் சிட்வெல் துணைநிற்க, சசூனின் முன்னுரையோடு 1920இல் வெளிவந்தது.

1927இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டன. கல்லில் பெயர் எழுதிக் கடன் தீர்ந்ததாக எண்ணும் நாட்டை இகழ்ந்து சசூன் கவிதை எழுதினார். பிறகு தாமே அக்கடனைத் தீர்க்க முனைந்தார்.

1928, 1930, 1936 ஆகிய ஆண்டுகளில், ஜார்ஜ் ஷெர்ஸ்டன் என்ற கற்பனைப் பெயரில் அவருடைய போர் நினைவுகள் மூன்று நூல்களாக வந்தன. கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. ஷெர்ஸ்டன் கவிஞன் அல்லன். தம் புகழுக்குக் காரணமான கவிதையையே சசூன் தம் கதையிலிருந்து நீக்கிவிட்டார். எஞ்சியவன் ஓர் எளிய அதிகாரி. உடன் நின்ற எவரும் தம்மை அவனிடம் காணலாம். தோழர்களுக்கு மாற்றுப் பெயரிட்டவர், ரிவர்ஸ் ஒருவரை மட்டும் சொந்தப் பெயராலேயே நிறுத்தினார். 1922இல் மறைந்த அம்மருத்துவருக்கு அவர் செலுத்திய நன்றி அது.

நினைவு பொதுச்சொத்து என்பதால் அதில் பிழை நேர்வதை அவர் பொறுக்கவில்லை. 1929இல் கிரேவ்ஸ் தம் போர் நினைவுகளை அவசரமாக எழுதி வெளியிட்டபோது, சசூனும் அவரைப் போலவே களம் கண்டு திரும்பிய கவிஞர் எட்மண்ட் பிளண்டனும் நூலின் படியொன்றில் ஓரமெங்கும் மறுப்புகளை எழுதி நிரப்பினர். சசூன் தனிப்பட எழுதியிருந்த கவிதைக் கடிதம் ஒப்புதலின்றி அதில் இடம்பெற்றிருந்ததும் நட்பை முறித்தது. களத்தில் முறியாத நட்பு நூலால் முறிந்தது.

1933இல் நிகழ்ந்த திருமணமும் நீடித்த அமைதியைத் தரவில்லை. வில்ட்ஷயரின் ஹெய்ட்ஸ்பரி மாளிகையில் தனிமையில் முதுமை கழிந்தது. 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். எண்பத்தோராம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னர், 1967 செப்டம்பர் 1ஆம் நாள் காலமானார்.

1985 நவம்பர் 11ஆம் நாள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் முதல் உலகப்போர்க் கவிஞர் பதினாறு பேரின் பெயர்கள் பொறித்த கல் பதிக்கப்பட்டது. வீழ்ந்த ஓவன், திரும்பிய சசூன், பிளண்டன், அன்று அப்பதினாறு பேருள் உயிரோடிருந்த ஒரே கவிஞரான கிரேவ்ஸ் ஆகிய நால்வரும் அதில் ஒருங்கே இடம்பெற்றனர். பிணங்கிய நண்பர்களையும் பிரிந்த நண்பர்களையும் ஒரே கல் சேர்த்து வைத்தது.