ரோசாப்பூ துரை: பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்

பிறப்பினாலேயே ஒருவன் தீண்டத்தகாதவன் என்று சாதி விதித்தது. பிறப்பினாலேயே ஒருவன் குற்றவாளி என்று ஆங்கில அரசின் சட்டம் விதித்தது. இவ்விரண்டு கொடுமைகளையும் எதிர்த்து நின்ற பெருமகனார் ஒருவர் நம் தென்பாண்டிச் சீமையில் வாழ்ந்தார். அவரே பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். நம் சங்கத்தின் வெள்ளிவிழா வேளையில், குருவிகுளம் வட்டாரத்து இளைஞர்கள் கற்க வேண்டிய வாழ்வு அவருடையது.

அவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையிலும் எடின்பரோவிலும் பயின்று, லண்டனில் சட்டம் கற்று, 1909இல் தாயகம் திரும்பினார். மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டு வழக்கறிஞர் தொழில் நடத்தினார். பொருளீட்டி இன்புற்று வாழ அவருக்கு வழியிருந்தது. அவரோ எளியோர் பக்கம் நின்றார். 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்குத் துணைநின்றவர்களுள் அவர் முதன்மையானவர்.

அந்நாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொரு சட்டம் இருந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அச்சாதி ஆண்களின் பெயர்கள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறும். விரல் ரேகை எடுக்கப்படும். இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் செல்வதற்குச் சீட்டு வாங்க வேண்டும். களவு நடந்ததா, செய்தவன் யார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பிறமலைக் கள்ளரும் மறவரும் குறவரும் மட்டுமல்லர். தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர் மக்களும் இச்சட்டத்தின் வலையில் சிக்கினர். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் அவர்கள்மீது துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

அம்மக்களுக்காக ஜார்ஜ் ஜோசப் நீதிமன்றத்தில் வாதாடினார். பத்திரிகைகளில் இச்சட்டத்தைக் கண்டித்து எழுதினார். ஜோசப் என்னும் பெயர் அந்த எளிய மக்களின் நாவில் ரோசாப்பூ ஆயிற்று. அவரை ரோசாப்பூ துரை என்றழைத்ததோடு, தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டி நன்றி காட்டினர்.

விடுதலைப் போரில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து 1921இல் சிறை புகுந்தார். 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் மூண்டபோது, முன்னின்ற தலைவர்கள் கைதாக, அவர் தலைமையேற்றுத் தாமும் சிறை சென்றார். இந்துக்கள் அல்லாதார் இதில் தலையிட வேண்டாம் என்று காந்தியடிகள் அறிவுறுத்தினார். ஜோசப்போ, தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை, அதற்கு மதவேலி எதற்கு என்று கருதினார்.

1937இல் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலித் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் பகுதியும் அடங்கிய தொகுதி அது. 1938ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் ஐம்பதாம் வயதில் மதுரையில் மறைந்தார். தாம் எதிர்த்த சட்டம் ஒழிந்ததை அவர் காணவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அது நீங்கிற்று.

சட்டம் நீங்கியது, அது வளர்த்த மனம் நீங்கியதா? 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், நமக்குக் கிழக்கே கொடியன்குளத்தில் போலீஸ் படை புகுந்து நம் மக்களின் வீடுகளை நொறுக்கியது. பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டதாக அவ்வூரார் முறையிட்டனர். 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தோர் நெல்லையில் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்க, 17 பேர் உயிரிழந்தனர். தெருவின் பெயரைக் கேட்டவுடனே ஐயம் கொள்ளும் காவலர் உள்ளவரை ரேகைச் சட்டத்தின் நிழல் நீங்கியதாகாது.

ஆயினும் இன்று நம் கையில் அரசியல் சட்டம் இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமையுண்டு. கைதானதை உறவினருக்கு அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்துரைத்தது. அறியாதவனுக்கு இவை வெறும் ஏட்டுச் சுரைக்காயே. அறிந்தவன் ஒருவன் ஊரில் இருந்தால் ஊரே அஞ்சாமல் நிற்கும்.

ஜார்ஜ் ஜோசப் தம் சாதிக்காக வாதாடியவர் அல்லர். அநீதி எங்கிருந்ததோ அங்கே சென்றவர். இளைஞர்களே, சட்டம் பயிலுங்கள். காவல் நிலைய வாயிலில் கலங்கி நிற்கும் ஏழை எவராயினும், அவர் பக்கத்தில் சென்று நில்லுங்கள். நம் சங்கம் கொடுத்த கல்விக்கு அதுவே கைம்மாறு.