பேட்டரிக்குப் பதில் அல்ட்ரா கெபாசிட்டரா? அதில் எழுதியிருக்கும் ஃபாரட் யாருடைய பெயர் தெரியுமா?

குன்னூர் பக்கத்துல ஜெகதளா, அருவங்காடு மாதிரி ஊர்களில் பெருமழை பெய்தால் மரம் விழும், கரன்ட் போகும். இன்வெர்ட்டர் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் குளிர் கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் பேக்கப் நேரம் குறையும். சில வருஷத்தில் பேட்டரியையே மாத்தணும். மைனஸ் 40 டிகிரியிலும் வேலை செய்யும் அல்ட்ரா கெபாசிட்டர் பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. அதன் பெரிய செல் ஒன்றில் 3,000 ஃபாரட் என்று போட்டிருக்கும். அந்த ஃபாரட், மைக்கேல் ஃபாரடேயின் பெயர்.

யார் இவர்?

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸில் பிறந்தவர். அப்பா கொல்லர். வீட்டில் வறுமை. 14 வயதில் புக் பைண்டிங் கடைக்கு வேலை பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களே பள்ளிக்கூடம் ஆனது. 1812-ல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், பிரபல விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அழகா பைண்ட் போட்டு டேவிக்கே அனுப்பிட்டார். அடுத்த வருஷமே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை. டேவியுடன் ஐரோப்பா போனபோது, டேவியின் மனைவி இவரை வேலைக்காரர் போலவே நடத்தினார். படிப்பு நிற்கவில்லை.

1831-ல் காந்தத்துக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ந்து டிசி கரன்ட் எடுத்துக் காட்டினார். நீலகிரியின் பைக்காரா மின் நிலையம் வரை ஜெனரேட்டர்களுக்கு அடிப்படை அவர் அந்த வருஷம் கண்டுபிடித்த தத்துவம்தான்.

அரக்கும் கந்தகமும்

நம்ம விஷயம் 1837-ல் நடந்தது. ஒரு பித்தளைக் கோளத்துக்குள் இன்னொன்றை வைத்து, இடைவெளியில் அரக்கு, கண்ணாடி, கந்தகம் என மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நடுவில் இருக்கும் பொருளைப் பொறுத்து, சேரும் மின்சாரத்தின் அளவு மாறியது. மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர் பற்றிய அறிவில் இது பெரிய திருப்பம்.

ஆனால் ஓயாத உழைப்புக்கு விலை இருந்தது. 1839 வாக்கில் உடலும் மனசும் தளர்ந்து, ஞாபகமறதி வாட்டியது. சில வருஷம் ஆராய்ச்சி பெரும்பாலும் முடங்கியது. பிறகு மீண்டு வந்தார். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம்னுட்டார். 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

1881-ல் பாரிஸ் மாநாடு ஃபாரட்டை அலகாக ஏற்றது. சிக்கல் என்னன்னா, அது ரொம்பப் பெருசு. சமவெளி வீடுகளின் சீலிங் ஃபேனில் (ஜெகதளாவில் ஃபேனுக்கு என்ன வேலை?) இருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட். அப்படி 4 லட்சம் சேர்ந்தால்தான் 1 ஃபாரட்! துளைகள் நிறைந்த கார்பனை வைத்து அல்ட்ரா கெபாசிட்டர் வந்த பிறகே ஆயிரக்கணக்கில் ஃபாரட் சாத்தியமானது. அந்தக் கார்பன் 1 கிராமின் பரப்பு 1,000 சதுர மீட்டருக்கும் மேல்.

அப்போ இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிப் போடலாமா? அவசரப்படாதீங்க. 2.7 வோல்ட், 3,000 ஃபாரட் செல்லில் நிற்பது சுமார் 3 வாட் ஹவர். 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் 1,800. ராத்திரி முழுக்க லைட் எரிய பேட்டரிதான் வேணும். ஆனால் சில நொடிகளுக்கு டிசி பவர் போதும் என்றால் கெபாசிட்டர் கெட்டி. சுமார் 10 லட்சம் முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். காற்றாலைகள் பலவற்றில், கரன்ட் போனதும் இறக்கையைத் திருப்பி நிறுத்துவது இப்போது இதுதான்.