பிளாக்பர்ன் வகுத்த விதியும் பாலாறும்

மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை வேலூர், ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் பொருத்தியது. அக்கோட்பாட்டின் வேர்களுள் ஒன்று, அதற்கு நூறாண்டுகளுக்கு முன் மறைந்த நீதிபதி காலின் பிளாக்பர்னிடம் உள்ளது.

1813-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த பிளாக்பர்ன், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1838-ல் வழக்கறிஞரானார். வாதத் திறமையால் அவர் புகழ் பெறவில்லை. பல ஆண்டுகள் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டுவந்தார். 1859-ல் அவர் நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது லண்டன் சட்ட உலகம் வியப்படைந்தது.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1866-ம் ஆண்டுத் தீர்ப்பு. லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை அதிபர் கட்டுவித்த நீர்த்தேக்கம் உடைந்து, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலை அதிபரிடம் கவனக்குறைவு இல்லை. ஆயினும், வெளியேறினால் தீங்கு விளைவிக்கும் பொருளைத் தன் நிலத்தில் சேர்த்துவைப்பவரே விளைவுக்கும் பொறுப்பு என பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். பிரபுக்கள் சபை 1868-ல் அதனை உறுதிசெய்தது. 1876-ல் அச்சபையின் முதல் சட்டப் பிரபுவாக நியமிக்கப்பட்ட அவர், 1886-ல் ஓய்வுபெற்றார்.

முன்தீர்ப்பைக் கண்மூடிப் பின்பற்றுவது வழக்கமன்று. அன்றைய வட ஆர்க்காட்டின் கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில்வேக்குச் சேதம் விளைந்த வழக்கில், 1874-ல் பிரிவி கவுன்சில் இவ்விதியைப் பொருத்த மறுத்தது. ஏரிகளைப் பேணுவது ஜமீன்தாரின் பொதுக் கடமை என்பதே காரணம்.

1986-ல் டெல்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு எதிர்த்திசையில் நகர்ந்தது. பிளாக்பர்ன் விதிக்கு இருந்த விலக்குகள் அபாயகரமான தொழில்களுக்குக் கிடையாது என்றது. 1996 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கு அதன்மீது எழுந்தது. அதன்மீது வேலூர் தீர்ப்பு எழுந்தது.

சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை வேலூர் தீர்ப்பு பதிவுசெய்தது. பொருளியல் நோக்கில் அது முக்கியமான திருத்தம்: காலணியின் விலையில் சேராமல் உழவர் தலையில் விழுந்த செலவை உரியவர் கணக்குக்கு மாற்றியது. ஆனால், பாலாற்றின் மாசு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

ஒரு தீர்ப்பு மற்றொரு தீர்ப்புக்கு வழிகாட்டும்; நிர்வாகம் நிறைவேற்றாதவரை நிலத்தைச் சீராக்காது. சுரங்க உரிமையாளர் பிளெட்சருக்குக் கிடைத்த நீதி, பாலாற்றங்கரை உழவருக்கு முழுமையாகக் கிட்டுவதே பிளாக்பர்ன் விதியின் உண்மையான சோதனை.