கர்னல் ஆல்காட் எழுதி வைத்த கதை

பௌத்தம் தழுவிய வரலாற்றை எழுதித் தரும்படி நம் அன்பர்களைக் கேட்டால், பிறந்த மதத்தை வைது நாலு பக்கமும், பஞ்சசீலம் ஏற்ற நாளின் மேளதாளத்தை நாலு பக்கமும் எழுதித் தருகின்றனர். இடையில் உள்ளத்தில் நடந்தது என்ன என்பது மட்டும் விடுபட்டுப் போகின்றது. அவ்வாறு எழுதப் புகுவோர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அவர்களின் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவர் 1832 ஆகஸ்டு 2-ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி நாட்டு ஆரஞ்சு நகரில், பக்தி மிகுந்த பிரெஸ்பிடீரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேளாண்மை ஆராய்ந்தார், உள்நாட்டுப் போரின்போது படைத்துறை ஊழல்களைத் துருவிக் கண்டு கர்னல் எனப் பெயர் பெற்றார், பின்னர் வழக்கறிஞரானார். 1875-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவி, 1879-இல் பம்பாய் வந்து சேர்ந்தார்.

1880 மே 25-ஆம் நாள், இலங்கையின் காலி நகர் விகாரை ஒன்றில் புத்தர் திருவுருவின் முன் அவரும் அம்மையாரும் மண்டியிட்டு, தேரர் சொல்லச் சொல்லப் பாலி மொழியில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். மலரிட்டு முடித்ததும் கூடியிருந்த மக்கள் எழுப்பிய முழக்கம் பெரிது. ஆயினும் அன்றுதான் தாம் பௌத்தரானதாக அவர் எழுதவில்லை. அமெரிக்காவிலேயே உள்ளம் மாறிவிட்டது, காலியில் நடந்தது அதற்கு ஊரறிந்த சாட்சியே என்றே பதிவு செய்தார். சடங்கு வேறு, மனமாற்றம் வேறு என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு, நூல்கள் பலவற்றைக் கற்றுப் பௌத்த வினாவிடை இயற்றினார். நிருவாணம் பற்றிய ஒரு விடையைச் சுமங்கல தேரர் ஏற்க மறுத்தார். அவ்விடையை மாற்றியெழுதிய பின்னரே 1881-இல் நூல் வெளிவந்தது. தம் கருத்து மறுக்கப்பட்ட இச்செய்தியை மறைக்காமல் நினைவு நூலில் தாமே சேர்த்திருக்கிறார். வைசாகப் பௌர்ணமிக்கு 1885-இல் இலங்கையில் விடுமுறை கிடைத்ததிலும், பௌத்தப் பள்ளிகள் பெருகியதிலும் அவர் உழைப்பு உண்டு.

1891-இல் அம்மையார் காலமானார். அவரைத் தெய்வமாக்கும் கதைகள் பரவக் கண்ட ஆல்காட், 1892 முதல் சபையின் பத்திரிகையில் தம் நினைவுகளை எழுதலானார். நாட்குறிப்புகளைத் துணைகொண்டு எழுந்த அத்தொடர் 'ஓல்டு டைரி லீவ்ஸ்' என்னும் பெயரில் 1895 முதல் நூலாக வந்தது. பாதிரிமாரைப் பற்றிய இடங்களில் அவர் பேனா கடுமையானது. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. தம் தோழியின் பெருமையோடு குறையையும், தம் பிழையையும் எழுதிய துணிவே நாம் கொள்ளத்தக்கது.

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு நெருங்கியது. 1894-இல் சென்னை அடையாற்றில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றதற்கு உடனிருந்து உதவினார். அவ்வாண்டு இராயப்பேட்டையில் தோன்றிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்க வயலிலும் வேரூன்றின. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக்கொண்டே தருமம் தழுவிய நம் முன்னோருள் எத்தனை பேர் தம் கதையை எழுதி வைத்தனர்? பெரும்பாலோர் கதை அவர்களோடே சாம்பலாயிற்று.

1907 பிப்ரவரி 17-ஆம் நாள் ஆல்காட் அடையாற்றில் மறைந்தார். அவர் எழுதி வைத்தமையால் அவர் வந்த வழி இன்றும் தெரிகின்றது.

நான் பஞ்சாலையில் பாடுபட்டவன். தறியில் அறுந்த இழையை முடியாமல் நெய்தால், துணியை வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஓட்டை தெரிந்துவிடும். மதம் மாறிய கதையும் அத்தகையதே. ஐயம் எழுந்த நாள், தாயின் கண்ணீர், கோயில் மணி கேட்டுக் கலங்கிய காலை, எதையும் விடாதீர். அன்பர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இன்றிரவே முதல் வரியை எழுதுங்கள்.