தொடையில் புற்றுக்கட்டி வந்தால் காலையே எடுக்கணுமா? வேற வழி காட்டிய ஹெரால்ட் கில்லிஸ்

செண்டாயான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பாட்டி யாராவது உங்க வீட்ல இருந்தா, மல்லிகைக்கு எப்படிப் பதியம் போடுவாங்கன்னு கேளுங்க. கிளையை வெட்ட மாட்டாங்க. வளைச்சு மண்ணுல புதைப்பாங்க. வேர் விட்ட பிறகுதான் தாய்ச்செடியிலிருந்து நறுக்குவாங்க.

மனுஷத் தோலுக்கும் இப்படிப் 'பதியம்' போட்டுப் புகழ் பெற்றவர்தான் சர் ஹெரால்ட் கில்லிஸ்.

யார் இவர்?

1882-ல் நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்து, காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார். 1915-ல், முதல் உலகப் போர் சமயத்தில் பிரான்சுக்குப் போனார். அங்கே பாரிஸில் மொரெஸ்டின் என்ற மருத்துவர், ஒருவரின் முகத்திலிருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்து, தாடைப் பக்கத்துத் தோலால் அந்தக் குழியை மூடுவதைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கை திசை மாறியது அங்கேதான்.

1916-ல் சோம் போர். காயமடைந்த 200 பேர் வருவாங்கன்னு கில்லிஸ் எதிர்பார்த்தார். வந்ததோ சுமார் 2,000 பேர். அடுத்த ஆண்டு லண்டன் அருகே சிட்கப்பில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அவரும் அவருடைய குழுவும் 5,000-க்கும் அதிகமான வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். அப்போ பென்சிலின்கூட கிடையாது.

ஒட்டா, பதியமா?

தோலை முழுசா வெட்டியெடுத்து வேறு இடத்தில் வைத்தால் அது ஒட்டு. அடியில் நல்ல ரத்த ஓட்டம் இருந்தால்தான் பிழைக்கும். எலும்பு வெளியே தெரியும் குழியில் அது பிடிக்காது.

ஒரு முனையை உடம்போடு விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் சேர்த்துத் திருப்பி வைத்தால், அது தன் ரத்தக் குழாயோடு வரும். இதுதான் 'ஃபிளாப்'. 1917-ல் கில்லிஸ் அந்த மடலைக் குழாய் மாதிரி சுருட்டித் தைத்தார். கிருமி தொற்றுவது குறைந்தது.

யோசனை புதுசு இல்லை. சுஸ்ருத சம்ஹிதையிலேயே இப்படி மூக்கைச் சீரமைக்கும் முறை இருக்கு. இந்தியாவில் நடந்த அப்படியொரு சிகிச்சையை 1794-லேயே ஒரு லண்டன் பத்திரிகை விவரித்தது. அந்தப் பழைய வித்தையைப் பெரிய அளவில் செய்து, தனி மருத்துவத் துறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் கில்லிஸ்.

தொடைக்கு என்ன சம்பந்தம்?

தொடைத் தசையில் சார்கோமா என்ற புற்றுக்கட்டி வந்தால், சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்துத்தான் எடுக்கணும். பெரிய குழி விழும். முன்பெல்லாம் பலருக்குக் காலையே எடுத்தார்கள். இன்று பக்கத்துத் தசையையோ வயிற்றுத் தசையையோ ரத்தக் குழாயோடு திருப்பிக் குழியை மூடலாம். 1970-களிலிருந்து, தூரத்துச் சதையை எடுத்து, மைக்ரோஸ்கோப் உதவியோடு ரத்தக் குழாய்களை இணைக்கவும் முடிகிறது. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கால் தப்பிக்கிறது.

1960 ஆகஸ்டில், 78 வயதிலும் கில்லிஸ் வேலையை விடவில்லை. 18 வயதுப் பெண்ணின் சிதைந்த காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோதே மூளை ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி இறந்தார்.

உங்க வீட்ல யாருக்காவது தொடையில் கட்டி இருக்கா? 5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ, வளர்ந்துகிட்டே போனாலோ, வலி இல்லைன்னு சும்மா விடாதீங்க. காலை எடுத்துடுவாங்கன்னு பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். சீக்கிரம் கிளினிக் போனால்தான் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும்.