நம்மைக் கிறிஸ்தவர் ஆக்குவது எது? - புனித தேவசகாயம் வாழ்வு தரும் பாடம்



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், திருமண ஓலை எழுதவும் நாம் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வாங்குகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் வாழும் நம்மில் பலர் வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழைத் தவிர, நாம் கிறிஸ்தவர் என்பதற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் புனித தேவசகாயத்தின் வாழ்வு தெளிவான விடை தருகிறது.

இவர் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் ஓர் உயர்குடி இந்துக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். கல்வியிலும் போர்க்கலையிலும் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் நல்ல நிலையில் இருந்தார். பார்கவி அம்மாளை மணந்தார்.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அப்போது சிறைப்பட்ட தளபதி டிலனாய் ஒரு கத்தோலிக்கர். பின்னர் அவர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு வளர்ந்தது. அந்நாளில் நீலகண்டனின் குடும்பம் அடுத்தடுத்து இழப்புகளைச் சந்தித்தது. மனம் உடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் விவிலியத்தின் யோபு வரலாற்றை எடுத்துச் சொன்னார். அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த மனிதரின் கதை நீலகண்டனைத் தொட்டது.

நம் விசுவாசத்தின் அடிப்படை இங்கேதான் தொடங்குகிறது. துன்பப்படுவோரைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று நாம் நம்புவதில்லை. அவரே மனிதரானார், நமக்காகச் சிலுவையில் துன்புற்று இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், தூய ஆவியாரால் இன்றும் தம் திருச்சபையோடு இருக்கிறார் என்றே நம்புகிறோம். ஒவ்வொரு ஞாயிறும் விசுவாச அறிக்கையில் நாம் அறிக்கையிடுவது இதுவே. நாம் சில நிமிடங்களில் சொல்லி முடிக்கும் இந்த உண்மைகளை நீலகண்டன் பல மாதங்கள் கேட்டு, சிந்தித்து, செபித்து ஏற்றுக்கொண்டார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புட்டாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமான தேவசகாயம் அவரது பெயராயிற்று. பின்னர் அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று, தெரசா என்ற பொருளில் ஞானப்பூ என அழைக்கப்பட்டார்.

திருமுழுக்கு அவருக்குப் பெயர் மாற்றமாக மட்டும் இருக்கவில்லை. கடவுளை ஒரே தந்தை என்று ஏற்றவர், அத்தந்தையின் பிள்ளைகளுக்குள் உயர்வு தாழ்வு பார்க்க மறுத்தார். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார். தமக்குக் கிடைத்த நற்செய்தியைப் பிறரோடு பகிர்ந்தார். இது பலருடைய பகையைத் தேடித் தந்தது. அரசுக்குத் துரோகம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

அடுத்து வந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் சிலுவைப் பாதையே. சாட்டையால் அடித்தார்கள். காயங்களில் மிளகாய்ப் பொடி தூவினார்கள். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். கிறிஸ்துவை மறுத்திருந்தால் பழைய பதவியும் வாழ்வும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் மறுக்கவில்லை. தம்மைத் தேடி வந்த மக்களுக்காக விலங்குகளோடே செபித்தார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலின் உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் நம்புகிறேன் என்று நாம் வாயால் சொல்வதை, அவர் தம் உயிரால் சொன்னார். அவரது எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

ஒரு கணக்கைப் பாருங்கள். திருமுழுக்கிலிருந்து இறப்பு வரை அவர் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஆறு ஆண்டுகள் எட்டு மாதங்கள் மட்டுமே. அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. நம்மைப்போல் குடும்பமும் வேலையும் உள்ள பொதுநிலையினர். 2012 டிசம்பர் 2 அன்று அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அப்போது அவரது பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்றே அறிவிக்கப்பட்டார்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் நாம் மறக்கலாகாது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவர் போய்விட்டது. நம் திருமணப் பேச்சிலும், கல்லறைத் தோட்டத்திலும், அன்பியக் கூட்டத்தில் யார் வீட்டில் உண்போம், யார் வீட்டில் உண்ணமாட்டோம் என்பதிலும் அந்தச் சுவர் இன்னும் இருக்கிறதா? இருந்தால், நம் சான்றிதழ் சரியாக இருந்தாலும் நாம் அறிக்கையிடும் விசுவாசம் முழுமையாகவில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் ஒரே உடலாய் இருக்கிறோம் என்பதே நற்கருணையின் பொருள்.

சனவரி 14 அவரது திருநாள். போகி, பொங்கல் நாள்களில் சொந்த ஊர் செல்லும் பரபரப்பில் நாம் அவரை மறந்துவிடுகிறோம். வரும் பொங்கலுக்குக் குடும்பமாக அமர்ந்து விசுவாச அறிக்கையை மெதுவாகச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிக் கொடுப்போம். இதுவரை நாம் அழைக்கத் தயங்கிய ஒரு குடும்பத்தை அன்று நம் வீட்டுப் பந்திக்கு அழைப்போம்.

இறைவா, திருமுழுக்கில் நீர் தந்த விசுவாசத்தை அறிந்து வாழவும், அதற்காக இழக்க நேர்ந்தால் அஞ்சாதிருக்கவும், புனித தேவசகாயத்தின் பரிந்துரையால் எங்களுக்கு வரம் தாரும். ஆமென்.